கோடைக்கும் ஒரு சங்கல்பம்!



சித்திரை பிறந்துவிட்டால் போதும்... காலை எட்டு மணிக்கே சமையலறைச் சுவர் சுடத் தொடங்கிவிடுகிறது. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் புடவைத் தலைப்பு வியர்வையில் நனைந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு லீவு. ‘அம்மா, போரடிக்குது!’ என்று ஒரு குரல். ‘கரண்ட் எப்ப வரும்?’ என்று இன்னொரு குரல். கோயிலில் தெரிந்தவர்களைப் பார்த்தால்கூட, ‘சௌக்கியமா?’ என்று கேட்பதற்கு முன், ‘என்ன வெயில் பாருங்க!’ என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

‘இந்த ரெண்டு மாசம் எப்படா ஓடும்?’ என்று நாம் எல்லோருமே ஏங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால், ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஓடிப் போகட்டும் என்று நாம் பிடித்துத் தள்ளுகிற அந்த இரண்டு மாதங்கள் எங்கிருந்து ஓடுகின்றன? நம்முடைய ஆயுளில் இருந்துதானே! நம் வீட்டுப் பெரியவர்களின் ஆயுளில் இருந்துதானே! நம் குழந்தைகளின் குழந்தைப் பருவத்தில் இருந்துதானே!

இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

சங்கல்பத்தில் ‘நாளை’ கிடையாது!

வீட்டில் ஏதாவது பூஜை, ஹோமம் என்றால் முதலில் சங்கல்பம் செய்து வைப்பார்கள். குருக்களோ சாஸ்திரிகளோ மந்திரம் சொல்லிக்கொண்டே போவார். நம் காது அங்கே இருந்தாலும், மனசு என்னவோ அடுப்பில் இருக்கும் பாயசத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? எந்த வருடம், எந்த அயனம், எந்த ருது, எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி, எந்தக் கிழமை, எந்த நட்சத்திரம்... இப்படி வரிசையாகச் சொல்லி, ‘இன்ன கோத்திரத்தில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த இன்னார், இன்ன காரணத்துக்காக இதைச் செய்கிறோம்’ என்று பகவானிடம் தெரிவிக்கிறார். சித்திரை, வைகாசி மாதங்களில் செய்கிற பூஜை என்றால், அந்த வரிசையில் ‘வசந்த ருது’ என்று வரும்.

ஆமாம்... வசந்தம்! ‘கொளுத்துகிறது’ என்று நாம் அலுத்துக்கொள்கிற இதே சித்திரைக்கும் வைகாசிக்கும் நம் பெரியவர்கள் வைத்த பெயர் வசந்த காலம். தமிழில் இளவேனில். ஆனியும் ஆடியும்தான் அவர்களுக்கு முதுவேனில். அப்படியானால், அவர்களை இந்த வெயில் சுடவில்லையா? மின்விசிறிகூட இல்லாத காலம். நம்மைவிட அதிகமாகவே சுட்டிருக்கும். ஆனால், மல்லிகை பூத்துக் குலுங்குவதும், மாம்பழம் கனிவதும், வேம்பு பூப்பதும், மாலையில் தென்றல் வீசுவதும் இந்த மாதங்களில்தான் என்பதை அவர்கள் கவனித்தார்கள். பருவத்துக்குப் பெயர் வைக்கும்போது, சுட்டதை விட்டுவிட்டுக் குளிர்ந்ததைப் பெயராக வைத்தார்கள்.

சங்கல்பத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அதில் சொல்வதெல்லாம் இன்றைய திதி, இன்றைய நட்சத்திரம், இந்த வேளை. ‘நாளைக்குப் பார்க்கலாம்’, ‘நேரம் கிடைத்தால் செய்யலாம்’ என்கிற பேச்சுக்கு அதில் இடமே கிடையாது. நாள், இடம், ஆள், காரணம் - இவ்வளவையும் சொல்லித் தொடங்கினால்தான் அது பூஜை.

சாமிக்குக் கோடை உற்சவம்

நம் ஆலயங்களைப் பாருங்கள். கோடை வருகிறதே என்று எந்தக் கோயிலும் அலுத்துக்கொள்வதில்லை, உற்சவம் கொண்டாடுகின்றன.

சித்திரை 21 வாக்கில் தொடங்கி, வைகாசி 14 வாக்கில் முடிகிறது அக்னி நட்சத்திரக் காலம். ஆங்கிலத் தேதியில் சொன்னால், ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் இருந்து ரோகிணி முதல் பாதம் வரை சூரியன் சஞ்சரிக்கும் நாட்கள் இவை. இந்த நாட்களில் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் உள்ளிட்ட பல சிவாலயங்களில் தாராபிஷேகம் நடக்கும். லிங்கத் திருமேனிக்கு மேலே, அடியில் சிறு துளையிட்ட பாத்திரத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக இறைவனின் திருமுடியில் விழுந்துகொண்டே இருக்கும். அண்ணாமலையார் அக்னி வடிவானவர், நெருப்பே அவர்தான். அவருக்கே ‘சூடாக இருக்குமே’ என்று நீர் சொரிகிறது பக்தி!

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்குப் பூச்சாற்று உற்சவம் நடைபெறும். அதற்குக் கோடைத் திருநாள் என்றே பெயர். அதிலும் வெளிக்கோடை, உள்கோடை என்று இரண்டு பகுதிகள் உண்டு. திருச்செந்தூர் முருகனுக்கு விசாகத்தையொட்டி வசந்தத் திருவிழா. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் புதுமண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைக் கட்டியது, அம்மையும் அப்பனும் வசந்த விழாவுக்கு எழுந்தருளத்தான். சுற்றிலும் தண்ணீர் நிறைத்து, நடுவில் சுவாமி குளிர்ச்சியாக வீற்றிருக்கும்படி அமைத்தார்கள். சித்ரா பௌர்ணமியையொட்டி மதுரைக்கு வரும் கள்ளழகருக்கு, பக்தர்கள் தோல்பையில் தண்ணீர் சுமந்து வந்து பீய்ச்சி அடிக்கிறார்களே... அது வேண்டுதல் மட்டுமல்ல. வெயிலில் வந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்குக் காட்டும் பரிவு!

இத்தனையும் சாமிக்கு. நம் வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கு?

முப்பத்திரண்டு படிகள்

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். வசந்த உற்சவம் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கோயிலில் சுவாமிக்கு என்ன நைவேத்தியம், எந்த மண்டபத்தில் எப்படிக் குளிர்ச்சி செய்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள்.

என் மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். கிராமத்தில் பெரிய வாசலும் வேப்பமரமுமாக வாழ்ந்தவர். இங்கே இரண்டாவது மாடி ஃபிளாட்டில், ஜன்னல் ஓரத்து நாற்காலிதான் அவருக்கு வாசல். மூட்டுவலி, யாராவது கையைப் பிடித்துக்கொண்டால்தான் படியேற முடியும். ஒருநாள் ராத்திரி, சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்... “ஏம்மா, செத்த நேரம் மொட்டை மாடிக்குப் போயிட்டு வரலாமா? நிலா நல்லா காயுது.”

“நாளைக்குப் போகலாம் அத்தை. இதை நாளைக் காலையில கொடுத்தாகணும்” என்றேன்.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதே பதில். மூன்றாவது நாளோ, நான்காவது நாளோ... அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கோபம் எல்லாம் இல்லை. ‘பாவம், அவளுக்கு வேலை’ என்று நினைத்திருப்பார். அந்த ஐப்பசியில் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

அடுத்த வருடம் சித்ரா பௌர்ணமி அன்று, காயப்போட்ட வடாத்தை எடுக்க மறந்து, இரவில் மொட்டை மாடிக்குப் போனேன். பால் போல நிலா. பக்கத்து வீட்டு முருங்கையை அசைத்துக்கொண்டு காற்று. கீழே இறங்கும்போது, என்ன தோன்றியதோ, படிகளை எண்ணினேன். முப்பத்திரண்டு. அவ்வளவுதான் தூரம். அவர் மெதுவாக ஏறினாலும் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

சுவாமிக்குக் கோடையில் எப்படிக் குளிர்ச்சி செய்வது என்று ஊருக்கெல்லாம் எழுதியவள், வீட்டில் இருந்த பெரியவருக்கு அந்தப் பத்து நிமிடத்தைத் தரவில்லை. சங்கல்பத்தில் இல்லாத அந்த ‘நாளை’ என்கிற வார்த்தை, என் வாயில் எத்தனை சுலபமாக வந்துவிட்டது பாருங்கள்!

அன்று எனக்கு ஞாபகத்துக்கு வந்தவர் திருநாவுக்கரசர்.

நீற்றறையில் ஒரு வசந்தம்

அப்பர் பெருமானின் சரிதம் உங்களுக்குத் தெரியும். சமண சமயத்தில் இருந்த அவரைச் சூலை நோய் வாட்டியது. தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானேஸ்வரர் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். பதிகம் பாடினார், நோய் நீங்கியது, சிவனடியாராக மாறினார். கோபம் கொண்ட பல்லவ மன்னன், அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கச் சொன்னான். நீற்றறை என்று அதைச் சொல்வார்கள். ஒரு நிமிடம்கூட நிற்க முடியாத வெப்பம். அதற்குள் ஏழு நாட்கள்!

ஏழாம் நாள் கதவைத் திறந்தால், வாட்டம் சிறிதும் இல்லாமல் அமர்ந்திருந்தார் நாவுக்கரசர் என்கிறது பெரிய புராணம்.

அந்த அனலுக்குள் இருந்து அவர் பாடிய பாடலை உங்களில் பலர் தினமும் பாராயணம் செய்கிறீர்கள். இறைவனின் திருவடி நிழல் எப்படி இருக்கிறது என்று அதில் சொல்கிறார். அவர் காட்டும் உவமைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பொன்னா, மணியா, அரண்மனையா, இந்திர பதவியா? எதுவும் இல்லை. வீணையின் நாதம், மாலை நேரத்து நிலா, வீசுகிற தென்றல், இளவேனில் பருவம், வண்டுகள் ரீங்காரமிடும் குளம். இந்த ஐந்துதான்!

காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல இவை. எந்த ஏழைக்கும் கிடைக்கக்கூடியவை. ஆனால், ஒன்றை யோசியுங்கள். நிலவை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காதவருக்கு, காளவாய்க்குள் நிலவு ஞாபகத்துக்கு வருமா? தென்றல் வந்தபோது ஜன்னலைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்த்தவருக்கு, நெருப்பின் நடுவில் தென்றல் வீசுமா? அந்த ஐந்தையும் அவர் முன்பே மனம் வைத்து அனுபவித்திருக்கிறார். இறைவன் கொடுத்தது என்று அனுபவித்திருக்கிறார். அதனால்தான் சோதனை வந்தபோது, அவை இறைவனின் திருவடியாகவே அவருக்கு நிழல் கொடுத்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்கும் காளவாய் நாட்கள் வரும் சகோதரிகளே! ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் இரவு, பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு வீடு வெறிச்சோடும் நாள்... அன்றைக்கு நமக்கு நிழல் தர என்ன சேர்த்து வைத்திருக்கிறோம்?

அப்பர் சுவாமிகள் இறைவனின் திருவடிக்கு உவமை சொன்ன அதே நிலாவைத்தான், அன்று என் மாமியார் கேட்டார். நான்தான் புரிந்துகொள்ளவில்லை.

அதனால், இந்தக் கோடைக்கு நாம் ஒரு சங்கல்பம் செய்துகொள்வோம். அப்பர் காட்டிய அந்த ஐந்தையே எடுத்துக்கொள்வோம்.

1. நாதம்

மாலையில் விளக்கேற்றியதும் கால் மணி நேரம் டி.வி-யை நிறுத்துங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். வீணை இல்லாவிட்டால் என்ன... குரல் இருக்கிறதே! தேவாரமோ, திருப்பாவையோ, அபிராமி அந்தாதியோ, வீட்டில் யாருக்கு எது தெரியுமோ அதைப் பாடட்டும். சுருதி சேரவில்லை என்று கவலை வேண்டாம். லீவு முடிவதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு பதிகமாவது மனப்பாடம் ஆகிவிடும். பிறகு, பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் குரல் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

2. நிலா

வளர்பிறை தசமியில் இருந்து பௌர்ணமி வரை, நிலா நமக்காகவே காய்கிறது. அதில் ஒரு நாளையாவது காலண்டரில் வட்டமிட்டு, ‘மொட்டை மாடி’ என்று எழுதிவிடுங்கள். சித்ரா பௌர்ணமி என்றால் இன்னும் விசேஷம். சித்திரகுப்தரை வழிபட்டு, சித்ரான்னங்கள் செய்து, ஆற்றங்கரையில் நிலா வெளிச்சத்தில் கூடி உண்பது நம் ஊர் வழக்கம்தானே! புளியோதரையும் தயிர்சாதமும் போதும். மாவடு ஒரு கிண்ணம். வட்டமாக உட்கார்ந்து கையில் உருட்டிப் போடுங்கள். நாலு கவளம் சாப்பிடும் பிள்ளை, எட்டுக் கவளம் சாப்பிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே போய்க் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

3. காற்று

ஆராதனையில் சுவாமிக்குச் சாமரம் வீசுவது ஓர் உபசாரம். ஒரு பனையோலை விசிறி வாங்கி வையுங்கள். கரண்ட் போனதும் எரிச்சல்படாமல், வீட்டில் மூத்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசிறுங்கள். பேரப் பிள்ளைகளிடம் கொடுத்து விசிறச் சொல்லுங்கள். கரண்ட் வருவதற்குள் அவர்களிடமிருந்து ஒரு பழைய கதையாவது வந்துவிடும். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி மாட்டி, மாலையில் தண்ணீர் தெளித்தால், வீடே கோயில் பிராகாரம் போல மணக்கும்.

4. பருவம்

மல்லிகை, மாம்பழம், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு... இவையெல்லாம் இந்தப் பருவம் நமக்குத் தருகிற பிரசாதம். எதை வாங்கினாலும் முதலில் சுவாமிக்கு, அடுத்து இன்னொருவருக்கு, பிறகு நமக்கு. இந்த வரிசையை நமக்குக் காட்டியவர் யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு குடும்பத் தலைவிதான்.

காரைக்காலில் பரமதத்தன் என்ற வணிகரின் மனைவி புனிதவதியார். ஒருநாள் கணவர் கடையில் இருந்து இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினார். அந்த நேரத்தில் பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. புனிதவதியார் தயங்கவே இல்லை. இலையில் சோற்றைப் பரிமாறி, ஒரு மாங்கனியையும் படைத்து அவர் பசியைத் தீர்த்தார்.

மதியம் கணவர் சாப்பிட வந்தார். மீதமிருந்த கனியை வைத்தார். ‘நன்றாக இருக்கிறதே, இன்னொன்றையும் கொண்டு வா’ என்றார் கணவர். புனிதவதியார் என்ன செய்வார்? உள்ளே போய் இறைவனை நினைத்து நின்றார். கையில் ஒரு கனி வந்தது! அதன் சுவையோ முன்னதைவிடப் பல மடங்கு. ‘இது ஏது?’ என்று கணவர் கேட்க, நடந்ததைச் சொன்னார். ‘அப்படியானால், இன்னொன்று வரவழை’ என்றார் அவர். மீண்டும் வேண்டினார், வந்தது. கணவர் கையில் வாங்கியதும் மறைந்தது. அந்தப் புனிதவதியார்தான், இறைவனே ‘அம்மையே’ என்று அழைத்த காரைக்கால் அம்மையார். இன்றும் ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது, பக்தர்கள் வீட்டு மாடிகளில் இருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள்.

கொடுத்த பிறகு கிடைத்த கனிக்குத்தான் அத்தனை ருசி! அடுத்த முறை மாம்பழம் நறுக்கும்போது, வேலை செய்யும் அம்மாவுக்குக் கொட்டை ஒட்டிய துண்டை எடுத்து வைக்காமல், முதல் துண்டையே கொடுத்துப் பாருங்கள்.

5. நீர்

திருவையாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது திங்களூர். சந்திரனுக்குரிய பரிகாரத் தலமாக நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்த ஊரில் வாழ்ந்தவர் அப்பூதி அடிகள். திருநாவுக்கரசரை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும், அவர் மீது அளவில்லாத பக்தி. பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயர். வழிப்போக்கர்கள் ஓயாமல் நடக்கும் பாதையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதற்கும் ‘திருநாவுக்கரசு’ என்றே பெயரிட்டார். அந்தப் பந்தலின் குளிர்ச்சியை, அருளாளர்களின் உள்ளத்தோடு ஒப்பிடுகிறார் சேக்கிழார்.

ஒருநாள் அந்த வழியே வந்தார் நாவுக்கரசர். தன் பெயரில் பந்தல்! விசாரித்து அப்பூதி அடிகளின் வீட்டுக்கே போனார். ‘உங்கள் பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைத்தது ஏன்?’ என்று கேட்டார். அப்பூதியாருக்கு வருத்தமும் கோபமும் வந்துவிட்டது. ‘அவர் பெருமையை அறியாமல் கேட்கிறீர்களே... நீர் யார்?’ என்றார். ‘சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட சிறியவன் நான்தான்’ என்றார் நாவுக்கரசர், அத்தனை பணிவாக. அப்பூதியாருக்கு எப்படி இருந்திருக்கும்! யார் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்த்தாரோ, அவரே வாசலில் வந்து நின்றார்.

காளவாயில் வெந்தவர் ஒரு தண்ணீர்ப் பந்தலின் நிழலுக்கு வந்து சேர்ந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அட்சய திருதியை என்றால் இப்போது நகைக்கடை வாசலில்தான் கூட்டம். அன்று தண்ணீர் நிறைந்த குடத்தைத் தானம் செய்வது நம் சாஸ்திரம் சொல்லும் புண்ணியம். உதக கும்ப தானம் என்று பெயர். குடை, விசிறி, காலணி கொடுப்பதும் சிறப்பு. அதுவும் முடியாதா? வாசலில் ஒரு மண்பானையில் தண்ணீரும், மூடி போட்ட டம்ளரும் வையுங்கள். கூரியர் கொண்டு வரும் தம்பிக்கு, குப்பை வாங்க வரும் அம்மாவுக்கு, ‘தண்ணி குடிக்கறீங்களா?’ என்று அவர்கள் கேட்கும் முன் நீங்கள் கேளுங்கள். மொட்டை மாடியில் ஓர் அகலமான மண்தட்டில் காக்கைக்கும் அணிலுக்கும் நீர் வையுங்கள். தினமும் கழுவி மாற்றிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பானகம் நைவேத்தியம் செய்து, அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். ஒரு கப் வெல்லத்தை நாலு கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு சேர்த்தால் பானகம் தயார். சர்க்கரை உள்ளவர்களுக்கு, இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்த்த நீர்மோர். உச்சி வெயிலில் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதில்லை. பெரியவர்களும் கர்ப்பிணிகளும் காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ தரிசிக்கலாம். வீட்டில் பூஜிக்கும் சிவலிங்கத்துக்கு ஒரு சொம்பு நீர் வார்த்தாலும், அது தாராபிஷேகம்தான்.

இன்றைக்கே...

இந்த ஐந்தையும் ஒரே நாளில் செய்து களைத்துப்போக வேண்டாம். கோடை இருக்கும்வரை நாளுக்கு ஒன்று போதும். காலையில் விளக்கேற்றும்போது, சுவாமிக்கு முன் நின்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: ‘இன்று இன்ன கிழமை. இன்று சாயங்காலம், இன்னாரோடு, இதைச் செய்யப்போகிறேன். இது உன் பிரசாதம்.’ அவ்வளவுதான் சங்கல்பம்! நாளும் வேளையும் ஆளும் சொல்லிவிட்டால், அந்தச் சின்ன சந்தோஷம் நழுவிப் போகாது. பூஜையைப் பாதியில் விட நமக்கு மனசு வராது அல்லவா?

எங்கள் வீட்டில் இப்போது பௌர்ணமி என்றால் மொட்டை மாடிதான். பாயை விரித்து, நடுவில் தயிர்சாதப் பாத்திரம். என் மாமியாரின் பித்தளை டம்ளரில் தண்ணீர். முதல் கவளத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்போம். போன பௌர்ணமிக்கு என் மகள் கேட்டாள்: “பாட்டிக்கு இங்கேயிருந்து பார்த்தா பிடிச்சிருக்குமாம்மா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கும்” என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

உங்கள் வீட்டில் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் யாராவது இருக்கிறார்களா? அம்மாவோ, மாமியாரோ, வயதான அப்பாவோ... அவர்கள் கேட்டு நீங்கள் ‘நாளைக்கு’ என்று சொன்ன ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய்க் கேளுங்கள். படிகள் அதிகம் இருக்காது.

அப்பர் பெருமானுக்கு அனலிலும் நிழல் தந்த அந்தத் திருவடி, இந்தக் கோடையில் உங்கள் இல்லத்துக்கும் குளிர்ச்சியைத் தரட்டும்!

திருச்சிற்றம்பலம்!